போலி எஸ்.ஐ. கதை: வேஷம் எங்கே பிசகும்?

இடைவேளை:
ஜெயிலிலிருந்து வந்தவன் எஸ்.ஐ. வேஷம் போட்டுத் திரியும் டார்க் காமெடி. களம் தமிழ்நாடு, வருஷம் 2025. ஆள் எங்கே மாட்டுவான் என்பதில்தான் இழுபறி. இந்த மாதிரிக் கதைகளில் உங்கள் கண்ணில் பட்ட ஓட்டைகளைப் போடுங்கள். ஷூட்டிங் பெருமை வேண்டாம், விவரம் போதும்.

காக்கிப்பெட்டி:
முதல்ல தோள்பட்டை. எஸ்.ஐ.க்கு ரெண்டு ஸ்டார், இன்ஸ்பெக்டருக்கு மூணு. ரெண்டு பேருக்கும் தோள் முனையில சிவப்பு-நீல ரிப்பன் உண்டு. டி.எஸ்.பி.க்கும் மூணு ஸ்டார்தான், ஆனா ரிப்பன் கிடையாது. அதனால இன்ஸ்பெக்டர் சட்டையில ரிப்பன் உரிஞ்சு விழுந்தா ஆள் டி.எஸ்.பி. ஆயிடுவார். வாடகைச் சட்டையில முதல்ல பிய்யுறதும் அந்த ரிப்பன்தான். உங்க ஆளுக்கு இது தெரிய வேண்டாம், எதிர்ல வர்ற ஏட்டுக்குத் தெரிஞ்சாப் போதும்.

அடுத்து துணி. சட்டை ஒரு கடையில, பேன்ட் ஒரு கடையில எடுத்தா காக்கி ரெண்டு நிறமா நிக்கும். டியூப்லைட்ல தெரியாது, வெயில்ல காட்டிக் கொடுத்துடும்.

எனக்குப் பிடிச்சது பெல்ட். பழைய பெல்ட்ல, முன்னாடி போட்டவர் மாட்டின ஓட்டை மட்டும் வாய் பிளந்து, அந்த இடத்துல தோல் மடிஞ்சு வெளுத்திருக்கும். ஜெயில் சோறு தின்னு வத்தினவன் அதுக்கு உள்ளே மூணாவது ஓட்டையில மாட்டுவான், நுனி இடுப்புல தொங்கும். ஒரு க்ளோசப் வெச்சீங்கன்னா வசனமே வேண்டாம்.

பாரா நம்பர் 2:
காக்கிப்பெட்டி சொன்னதெல்லாம் சரி. ஆனால் உடுப்பில் மாட்டுகிறவன் குறைவு, பழக்கத்தில் மாட்டுகிறவன்தான் அதிகம். உள்ளே இருந்து வந்தவனுக்கு ஸ்டேஷன் பாதிதான் தெரியும், அதுவும் கம்பிக்கு உள்ளேயிருந்து தெரிகிற பாதி. லாக்கப்பில் தள்ளும் முன் பெல்ட்டையும் அரைஞாண் கயிற்றையும் கழற்றுவது தெரியும். உடம்பில் மச்சம், தழும்பு பார்த்து அடையாளம் எழுதுவது தெரியும். ரைட்டர் மேஜையில் அதற்குப் பிறகு என்ன நடக்கிறது என்பது தெரியாது.

சல்யூட்டைக் கவனியுங்கள். தலையில் தொப்பி இல்லாமல் கை தூக்கி சல்யூட் அடிப்பது வழக்கமில்லை, அட்டென்ஷனில் நின்றால் போதும். சினிமா பார்த்துக் கற்றவன் வெறுந்தலையோடு விறைப்பாக அடிப்பான். சிறையில் எண்ணிக்கைக்கு வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பழகினவன், விசில் சத்தம் கேட்டால் முட்டி மடக்கப் பார்ப்பான். ஸ்டார் போட்ட ஒருவன் பஸ் ஸ்டாண்டில், கண்டக்டர் விசிலுக்குப் பாதி உட்கார்ந்து எழுவதை யோசித்துப் பாருங்கள்.

செக்‌ஷன்:
வசனம் எழுதும் முன் எண்களைச் சரிபாருங்கள். 2024 ஜூலை 1 முதல் ஐ.பி.சி. என்ற பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா) வந்துவிட்டது. போலீஸ் போல நடித்து அந்தப் பதவியின் பெயரில் ஏதாவது செய்தால் அதில் பிரிவு 204: குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு, அபராதமும் உண்டு. பழைய ஐ.பி.சி. 170-இல் குறைந்தபட்சமே கிடையாது, மேலே 2 ஆண்டுதான். பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு உடையை மட்டும் போட்டுத் திரிந்தால் 205: 3 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். ஆக, உங்கள் ஆள் கண்ணாடி முன் அழகு பார்த்துவிட்டுத் தெருவில் இறங்கினால் 205, முதல் லாரியைக் கைகாட்டி நிறுத்திய கணம் 204. ஆள்மாறாட்ட மோசடி சேர்ந்தால் 319, அதில் 5 ஆண்டு வரை போகும். 420 இப்போது 318(4). அதை யாரும் திட்டுவதற்குப் பயன்படுத்தப் போவதில்லை, 'ஃபோர் ட்வென்டி' அப்படியே இருக்கட்டும்.

உங்கள் கதைக்கு நிஜமான தங்கச் சுரங்கம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸின் பிரிவு 105. வீட்டைச் சோதனை போடுவதையும் பொருளைக் கைப்பற்றுவதையும் வீடியோ எடுக்க வேண்டும், செல்போனே போதும். விவரம் தெரிந்த வீட்டுக்காரர் "வீடியோ எடுக்கலையா சார்?" என்று கேட்டால் போலி என்ன செய்வான்? எடுக்காவிட்டால் சந்தேகம். எடுத்தால், அவன் குற்றத்துக்கு அவனே ஒளிப்பதிவாளர்.

பழைய பிரிண்ட்:
இந்த வகைக் கதைக்கெல்லாம் மூத்த நிஜம் ஒன்று உண்டு. வில்ஹெல்ம் ஃபோக்ட், செருப்புத் தைக்கிறவர், வயது 57. 15 ஆண்டுத் தண்டனை முடிந்து 1906 பிப்ரவரியில் வெளியே வந்தார். முன்னாள் கைதி என்று ஊர் ஊராகப் போலீஸ் விரட்டியது. அக்டோபர் 16 அன்று, பழைய துணிக் கடைகளில் துண்டு துண்டாகச் சேர்த்த ராணுவக் கேப்டன் உடுப்பைப் போட்டுக்கொண்டு பெர்லின் தெருவில் போன சிப்பாய்களை நிறுத்தி, "என்னோடு வாருங்கள்" என்றார். ஏறக்குறைய பத்துப் பேர் ஏன் என்று கேட்காமல் பின்னால் போனார்கள். ரயிலேறி பெர்லினை ஒட்டிய கோபெனிக் என்ற ஊருக்குப் போய், நகராட்சியை வளைத்து, மேயரைக் கைது செய்து, 3,500 மார்க்குக்கு மேல் எடுத்துக்கொண்டார்.

கருவூலத்தில் ரசீது கேட்டார்கள். கொடுத்தார். அதில் போட்ட கையெழுத்து, தான் கடைசியாக இருந்த சிறையின் அதிகாரி பெயர்! பாரா நம்பர் 2 சொல்லும் அந்தப் பாதி இதுதான். அவசரத்தில் அவருக்கு நினைவு வந்த அதிகாரி அவர்தான் போலிருக்கிறது. சிப்பாய்களை அரை மணி நேரம் காவல் நிற்கச் சொல்லிவிட்டு ரயிலேறிப் போய்விட்டார். உடுப்பை யாரும் சந்தேகப்படவில்லை, பழைய சிறைத் தோழன் ஒருவன் துப்புக் கொடுத்துப் பத்தாம் நாள் பிடிபட்டார். தண்டனை 4 ஆண்டு, 1908-இல் ஜெர்மன் பேரரசர் கைசர் மன்னித்து விட்டார்.

இடைவேளை:
அப்படியானால் ரசீதைத்தான் பிடிக்கப் போகிறேன். நம்மூரில் அதற்கு எது பொருந்தும்?

பாரா நம்பர் 2:
சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சீட்டு. புகார் கொடுக்கிற கிழவி அது கையில் வராமல் நகராது. எஃப்.ஐ.ஆர். போட்டால் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பதும் அதற்குத் தெரிந்திருக்கும். அச்சடித்த தாள் அவனிடம் ஏது? வெள்ளைத் தாளில் எழுதுவான். பெரிய அதிகாரி என்றால் பச்சை மை என்று எங்கோ பார்த்திருப்பான், அதில் கையெழுத்துப் போடுவான். பச்சை மை கெஜட்டட் அதிகாரிகள் போடுவது, எஸ்.ஐ. கெஜட்டட் கிடையாது. கிழவி அந்தத் தாளை நான்காக மடித்துச் சுருக்குப் பையில் வைத்துக்கொண்டு, நேராக நிஜ ஸ்டேஷனுக்குப் போய் "என் கேஸ் என்னாச்சு?" என்று கேட்கட்டும்.