கொரங்காடு ரோட்டுக்குப் போய்விட்டது, பணமும் வந்துவிட்டது. பிழைப்புக்கு என்ன வழி?

கிளுவைவேலி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கமுங்க. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டம் வெள்ளகோவிலுக்கும் மூலனூருக்கும் நடுவில் இருக்கிறது. கிணறோடு 2 ஏக்கர், அதை ஒட்டி 6 ஏக்கர் 40 சென்ட் கொரங்காடு. புதிதாக வருகிற ரோட்டுக்காகக் கொரங்காட்டின் நடுவில் 3 ஏக்கர் 15 சென்ட் எடுத்துவிட்டார்கள். மிச்சம் இரண்டு துண்டு. கிழக்குத் துண்டு கிணற்றுப் பக்கம், மேற்குத் துண்டு ரோட்டுக்கு அந்தாண்டை.

காங்கயம், தாராபுரம் பக்கத்து ஆட்களுக்குக் கொரங்காடு என்றால் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், அது ஆடு மாடு மேய்கிற மேய்ச்சல் காடு. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேலாமரம். வருசாவருசம் உழுவதும் விதைப்பதும் கிடையாது. ஐப்பசி மழைக்குப் புல் எழும்பும். கோடையில் புல் காய்ந்தாலும் வெள்வேலங்காய் உதிரும், அதைத் தின்றே ஆடுகள் வைகாசி வரைக்கும் தள்ளிவிடும். மழை குறைந்த இந்த மண்ணில் எங்கள் தாத்தா காலத்திலிருந்து குடும்பத்துக்குச் சோறு போட்டது இதுதான். ஆனால் பதிவேட்டில் அது வெறும் மானாவாரிப் புஞ்சை. பார்க்க வந்தவர்களில் ஒருவர் "சும்மா கிடக்கிற காடுதானே" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை.

எங்களுக்கு 34 செம்மறி, இரண்டு மயிலைப் பசு, ஒரு கிடாரி. வேலியைப் பிடுங்கிய மறுநாள் காலை எட்டு மணிக்கு வழக்கம்போலப் படலைத் திறந்தோம். ஆடுகள் பழைய தடத்திலேயே வரிசையாக நடந்து, மண் கொட்டியிருந்த மேட்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டன. தலையைக் குனிந்து மேயவும் இல்லை, திரும்பவும் இல்லை. ஒரு மணி நேரம் கழித்து அம்மா போய் ஓட்டிக்கொண்டு வந்தார்கள்.

பணம் அப்பா கணக்கில் வந்துவிட்டது. அப்பாவுக்கு 68 வயது. நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன், வாரம் ஒருமுறை ஊருக்குப் போவேன். பணம் வந்ததிலிருந்து வீட்டில் தினமும் ஆள் வருகிறது. சைட் வாங்கு என்கிறார்கள், வட்டிக்கு விடு என்கிறார்கள், ஆட்டையும் மாட்டையும் தள்ளிவிட்டுப் பேசாமல் இரு என்கிறார்கள். ஆடு மாடு இல்லாமல் அப்பா ஒரு நாள்கூட இருந்ததில்லை.

இதைவிட என்னை உறுத்துவது வேறு. எங்கள் பட்டியைப் பதினான்கு வருசமாகப் பார்த்துக்கொள்வது ஓர் அக்காவும் அவர் வீட்டுக்காரரும். கொரங்காட்டு ஓரத்தில் ஓட்டுச் சாளை போட்டு அங்கேயே குடியிருந்தார்கள். நிலம் எங்களுடையது, ஓடும் சுவரும் அக்கா சீட்டுப் பணத்தில் போட்டது. இழப்பீட்டுத் தாளில் "ஓட்டு வீடு 1" என்று எழுதி அப்பா பெயருக்கே தொகை போட்டிருக்கிறார்கள். அக்கா பெயர் எந்தத் தாளிலும் இல்லை. இப்போது எங்கள் மோட்டார் ரூமில் சாமான்களை வைத்துக்கொண்டு இருக்கிறார்கள். இருபது ஆட்டை விற்றுவிட்டால் அவர்களுக்கு இங்கே வேலையும் இல்லை.

பணத்தை எதில் போட்டால் முன்பு வந்த வருமானம் திரும்பும்? அக்கா குடும்பத்துக்குச் சட்டப்படி ஏதாவது உண்டா, அல்லது நாங்கள் கொடுப்பதுதானா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

நொய்யல்கரை எழுதியது:

அம்மணி, எங்கள் நிலமும் ஒரு ரோட்டுக்குத்தான் போனது. பதினைந்து வருசம் ஆகிவிட்டது. நான் செய்த தப்பைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள்.

பணம் வந்ததும் "விலை இறங்கட்டும், அப்புறம் நிலம் வாங்கலாம்" என்று ஒன்றரை வருசம் காத்திருந்தேன். விலை இறங்கவில்லை. ரோடு வருகிறது என்று தெரிந்ததும் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் ஏற்றிவிட்டார்கள். நான் கொடுத்தது நாலு ஏக்கர், கடைசியில் வாங்க முடிந்தது ஒன்றே கால் ஏக்கர், அதுவும் தண்ணி இல்லாத இடம். இதற்குள் பங்காளி ஒருவர் லாரிக்கு முன்பணம் கேட்டார், தங்கச்சி வீட்டில் கல்யாணம் வந்தது, பையன் வண்டி கேட்டான். யாரையும் குறை சொல்லவில்லை. எல்லாமே நியாயமான செலவுதான், ஆனால் எதுவும் திரும்பி வராத செலவு.

அதனால் முதல் வேலை நிலம். ரோட்டை ஒட்டித் தேடாதீர்கள், பத்து இருபது கிலோமீட்டர் உள்ளே தள்ளிப் பாருங்கள். சின்னதாரபுரம், கன்னிவாடி பக்கம் கேட்டுப் பாருங்கள். வாங்கும்வரை பணத்தை அம்மாவும் அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்கிற வைப்புத்தொகையில் போடுங்கள். ஒரே கையெழுத்து என்றால் வீட்டுக்கு வருகிறவர்களிடம் இல்லையென்று சொல்வது உங்கள் அப்பாவுக்குக் கஷ்டம். "அவளும் கையெழுத்துப் போடணும்" என்று சொல்ல ஒரு வழி இருக்கட்டும்.

பல்லடத்தான் எழுதியது:

கோழிப் பண்ணை யோசிச்சீங்களா? குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியே தந்துவிடும், கிலோவுக்கு வளர்ப்புக் கூலி. எங்கள் பக்கம் பாதிப் பேர் அதில்தான் ஓட்டுகிறார்கள். ஆடு மேய்ப்பதைவிட மாதக் கணக்கு நிலையாக இருக்கும்.

சங்கிலிக்கல் எழுதியது:

நான் நில அளவையில் 31 ஆண்டு வேலை செய்து ஓய்வு பெற்றவன். நிலம் எடுக்கும் வேலையையும் பார்த்திருக்கிறேன்.

முதலில் நோட்டீஸில் எந்தச் சட்டம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். 1956 தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் என்றால் தொகையில் ஆட்சேபணை இருக்கிறவர் நடுவரிடம் மனு செய்ய வேண்டும். நம் மாவட்டங்களில் ஆட்சியர்தான் நடுவர். பணத்தை வாங்கிவிட்டதால் உரிமை போய்விடாது. நேரடியாக 2013 நில எடுப்புச் சட்டத்தின் கீழ் எடுத்திருந்தால் 64ஆம் பிரிவின்படி மனு செய்ய வேண்டும். அதற்குக் கெடு ஆறு வாரம்தான் என்று வைத்துக்கொண்டு ஓடுங்கள்.

எந்தச் சட்டமானாலும் இழப்பீட்டு உத்தரவின் முழு நகலைக் கேட்டு வாங்குங்கள். எதை எண்ணினார்கள், எதை விட்டார்கள் என்பது அதில்தான் தெரியும். நிலத்தின் விலையோடு மரம், கிணறு, கட்டடம் எல்லாவற்றையும் கூட்டி, வரும் மொத்தத்துக்குச் சமமாக இன்னொரு மடங்கு ஆறுதல் தொகை சேர்ப்பார்கள். அதனால் ஒரு வெள்வேலாமரம் கணக்கில் விட்டுப்போனால் இரண்டு மரத்தின் விலை போகிறது. கிளுவை வேலியைப் பெரும்பாலும் மரமாகவும் எண்ண மாட்டார்கள், வேலியாகவும் எண்ண மாட்டார்கள். கம்பி வேலி போட்டிருந்தால் மீட்டர் கணக்கில் விலை போட்டிருப்பார்கள். உயிர்வேலிக்குக் கேட்டால்தான் உண்டு. நீளத்தை அளந்து, பழைய போட்டோ இருந்தால் சேர்த்து மனுவில் எழுதுங்கள்.

அடுத்தது துண்டானதால் வந்த நட்டம். ஒரே காடாக இருந்தது இரண்டாகிவிட்டது, கிணறு ஒரு பக்கம், மேய்ச்சல் ஒரு பக்கம். இதற்குத் தனியாக நட்டம் கேட்க 1956 சட்டத்திலும் இடம் உண்டு, 2013 சட்டத்தின் 28ஆம் பிரிவிலும் உண்டு. கேட்காதவர்களே அதிகம். ரோடு வேலை முடிவதற்குள் இன்னொன்றும் செய்யுங்கள். தண்ணிக் குழாய் கொண்டுபோக ரோட்டுக்கு அடியில் ஒரு பெரிய குழாயும், ஆடு மாடு கடக்க ஒரு சிறு பாலமும் வைத்துத் தரச் சொல்லி எழுதிக் கொடுங்கள். தார் போட்ட பிறகு இதற்கு அனுமதி வாங்குவது பெரும்பாடு.

இப்போது உங்கள் பட்டியைப் பார்த்துக்கொள்கிற அந்த அக்கா விஷயம். 2013 சட்டத்தில் "பாதிக்கப்பட்ட குடும்பம்" என்றால் பட்டா வைத்திருப்பவர் மட்டும் அல்ல. நிலம் எடுப்பதற்கு முந்தைய 3 ஆண்டுகள் அங்கே வேலை செய்து, அதையே முதன்மைப் பிழைப்பாகக் கொண்ட விவசாயக் கூலியும் குத்தகைதாரரும் அதில் வருவார்கள். அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி குடும்பத்துக்கு ஒரு வேலை, அல்லது ஒரே தடவையாக 5 லட்சம், அல்லது மாதம் 2,000 ரூபாய் வீதம் 20 ஆண்டு. மாதத் தொகை விலைவாசிக் குறியீட்டை ஒட்டி ஏற வேண்டும். இருந்த இடத்தை விட்டு வெளியேற நேர்ந்த குடும்பத்துக்கு ஓராண்டு மாதம் 3,000, சாமான் ஏற்றிப்போக 50,000. ஆடு மாடு வைத்திருக்கிற பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குக் கொட்டகைக்குக் குறைந்தது 25,000. தேசிய நெடுஞ்சாலைக்காக எடுக்கும் நிலத்துக்கும் இந்த அட்டவணை 2015 ஜனவரி 1 முதல் பொருந்தும்.

ஆனால் பட்டியலில் பெயர் ஏற வேண்டும், அது தானாக ஏறாது. அந்த முகவரியில் உள்ள ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, நூறு நாள் வேலை அட்டை எது இருந்தாலும் எடுங்கள். அதைவிடப் பலமான சாட்சி உங்கள் அப்பாதான். "என்னிடம் 14 ஆண்டு வேலை செய்தார்கள், சாளை அவர்கள் காசில் கட்டியது" என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். நில உரிமையாளர் வாயிலிருந்து இது வருவது மிக அபூர்வம். என் 31 ஆண்டில் இரண்டு தடவைதான் பார்த்தேன். திங்கட்கிழமை குறைதீர் நாளில் நேரில் கொடுத்து, மனு எண் போட்ட ரசீது வாங்காமல் வராதீர்கள்.

கிராமத்து விவசாய நிலத்துக்கான இழப்பீட்டுக்கு வருமான வரி கிடையாது. பிடித்தம் செய்திருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

மூலனூர் பட்டிக்காரி எழுதியது:

அம்மணி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டுக்காரரிடமும் படித்துக் காட்டினேன்.

பல்லடத்து அண்ணா சொல்வது அங்கே சரி. 68 வயதில் கடன் வாங்கி ஷெட் போட்டு, ராத்திரி கரண்ட் போனால் ஜெனரேட்டருக்கு ஓட உங்கள் அப்பாவால் ஆகுமா? கோடை வெயிலில் ஒரு மத்தியானத்தில் சாகிற கோழியைப் பார்த்தவள் நான். தெரிந்த தொழிலை விட்டுத் தெரியாததுக்கு இப்போது போக வேண்டாம்.

எங்களுக்கும் எட்டு வருசத்துக்கு முன்னால் காடு போனது. ஆட்டை விற்காமல் வைத்துக்கொண்டதால்தான் தப்பித்தோம். பக்கத்தில் பிள்ளைகள் வெளியூர் போய் ஆள் இல்லாமல் கிடக்கிற கொரங்காடு நிறைய இருக்கிறது, விசாரியுங்கள். வருசக் குத்தகைக்குக் கொடுப்பார்கள். ஒரு வருசம் என்று எடுக்காதீர்கள், மூன்று வருசம் எழுதி வாங்குங்கள். ஒரு வருசக் குத்தகைக்காரர் புல்லை வேரோடு மேயவிட்டுப் போய்விடுவார் என்று காட்டுக்காரருக்குப் பயம். மூன்று வருசம் என்றால் அவருக்கும் நிம்மதி, விலையும் குறையும். இரண்டாகத் தடுத்து மாற்றி மாற்றி மேயுங்கள்.

சொந்தமாக நிலம் வாங்கினால் முதல் மழைக்கே கிளுவைப் போத்து ஊன்றிவிடுங்கள். எங்களுடையது ஆடு நுழையாத வேலியாக ஆறு வருசம் ஆனது. பழைய வேலியில் மிச்சம் இருக்குமே, அதிலேயே வெட்டிக்கொள்ளலாம், காசு கொடுத்து வாங்க வேண்டாம். கிணற்றுப் பக்கம் இரண்டு ஏக்கரில் அரை ஏக்கர் முருங்கை வையுங்கள். வாராவாரம் கைச்செலவுக்குக் காசு வரும், வைப்புத்தொகையில் கை வைக்காமல் இருக்கலாம்.

அந்த அக்காவுக்கு நான் ஒன்று சொல்லட்டுமா? பெட்டைக் குட்டிகளாகப் பத்து, அவர் பெயருக்கே கொடுத்துவிடுங்கள். எங்கள் பட்டியில் இருந்தவருக்கு அப்படித்தான் கொடுத்தோம். உங்கள் ஆட்டோடு சேர்ந்தே மேயட்டும். இப்போது அவருக்கு எங்களைவிட அதிக ஆடு.

கிளுவைவேலி எழுதியது:

மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். இவ்வளவு பேர் உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள், எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன்.

சங்கிலிக்கல் ஐயா, நோட்டீஸில் 1956 சட்டம்தான். முழு நகல் வாங்கிவிட்டோம். மரம் 11 என்று இருக்கிறது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு மரமாக எந்த இடத்தில் நின்றது என்று சொல்ல, நான் எழுதினேன். 19 வந்தது. வேலி எங்குமே இல்லை. தங்கச்சி கல்யாணத்து ஆல்பத்தில் வேலிக்கு முன்னால் நின்று எடுத்த போட்டோ ஒன்று கிடைத்தது, அதை மனுவோடு வைத்திருக்கிறோம். குழாய்க்கும் பாலத்துக்கும் எழுதிக் கொடுத்தோம். குழாய் வைக்க ஒத்துக்கொண்டார்கள், பாலத்துக்கு இன்னும் பதில் இல்லை.

அம்மா பெயரையும் சேர்த்து வைப்புத்தொகை போட்டாகிவிட்டது. வடக்கே ஒரு தாத்தாவின் கொரங்காடு நாலு ஏக்கர், மூன்று வருசக் குத்தகை எழுதியாகிவிட்டது. ஆடு ஒன்றுகூட விற்கவில்லை. நிலம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

சாளைக்கு வந்த தொகை முழுவதையும், அதற்குச் சேர்ந்த ஆறுதல் தொகையோடு, அக்கா வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டோம். என் அண்ணனுக்கு முதலில் மனசில்லை, "பட்டா நம்முடையதுதானே" என்றான். அப்பா அவனை மோட்டார் ரூமுக்குக் கூட்டிப்போய் அங்கே அடுக்கியிருந்த பாத்திரங்களைக் காட்டினார். அப்புறம் அவனே வங்கிக்கு வந்தான். குட்டிகள் தைக்குள் கொடுப்பதாகப் பேசியிருக்கிறோம்.

போன திங்கட்கிழமை அக்காவும் அப்பாவும் நானும் மனுவோடு போனோம். மனுவில் "தொழில்" என்ற இடத்தில் நான் "விவசாயக் கூலி" என்று எழுதினேன். சட்டத்தில் அந்த வார்த்தைதானே இருக்கிறது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஆடு மேய்க்கறதுன்னு எழுது கண்ணு, அதுதானே நான் செய்யறது" என்றார். இரண்டையும் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிவிட்டோம். ஐயா, அப்படி எழுதியதால் பட்டியலில் சேர்ப்பதற்கு ஏதும் தடை வருமா? வரும் என்றால் சொல்லுங்கள், இந்தத் திங்கட்கிழமையே போய்த் திருத்திக் கொடுத்துவிடுகிறோம்.