புது சர்வருக்கு டேட்டாபேஸ் லைசென்ஸ் ஒன்றரை லட்சம் வெள்ளியாம், அவசர உதவி

கிடங்கு_மணி:
வணக்கம். சிங்கப்பூர் ஊபியில் சின்ன லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி, ஐடி என்றால் நான் ஒருவன்தான். பழைய சர்வர் இழுத்துக்கொண்டிருந்தது, நல்ல ஆஃபர் வந்ததால் பெரிய பெட்டியாகவே வாங்கிவிட்டோம். இப்போது டேட்டாபேஸ் லைசென்சுக்கு வெண்டர் தந்த கொட்டேஷன் ஒன்றரை லட்சம் வெள்ளியைத் தாண்டுகிறது, ஜிஎஸ்டி 9% தனி. பழையதிலும் 2 சிபியு, இதிலும் 2 சிபியு, அதே சாஃப்ட்வேர், அதே ஆட்கள். எப்படி ஏறும்? வெள்ளிக்கிழமைக்குள் பாஸுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

தெம்பனீஸ்காரன்:
எந்த டேட்டாபேஸ்? எந்த எடிஷன்? சிபியுவில் எத்தனை கோர் (உள்ளே தனித்தனியாக வேலை செய்யும் பகுதி)? பெட்டியில் நேரடியாக ஓடுகிறதா, விஎம்மா (பெட்டிக்குள் சாஃப்ட்வேரால் உண்டாக்கிய தனி சர்வர்)? எதையுமே சொல்லாமல் எப்படி ஏறும் என்றால் எப்படி அண்ணே.

இரவு_ஷிஃப்ட்:
ஹைப்பர் திரெடிங்தான் (ஒரு கோரை இரண்டு திரெட்டாகக் காட்டும் வசதி) காரணம், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பயாஸில் (பெட்டியின் அடிப்படை செட்டிங்) அணைத்துவிட்டுப் புதுக் கொட்டேஷன் கேளுங்கள், பாதியாகிவிடும்.

தரவுத்தாத்தா:
இதைப் பற்றி இங்கே எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது, தேடிப் பார்க்கும் பழக்கம்தான் யாருக்கும் இல்லை. ஆரக்கிள் டேட்டாபேஸ் என்றால் மொத்த கோர்களைக் கோர் ஃபேக்டரால் பெருக்க வேண்டும், இன்டெல், ஏஎம்டி இரண்டுக்கும் 0.5. உதாரணத்துக்கு 32 கோர்ப் பெட்டி என்றால் 16 லைசென்ஸ். என்டர்பிரைஸ் எடிஷன் பட்டியல் விலை ஒன்றுக்கு 47,500 அமெரிக்க டாலர், அதன் மேல் வருடா வருடம் 22% சப்போர்ட். பயாஸில் கோரை அணைத்தேன் என்றால் ஏற்க மாட்டார்கள், பெட்டியில் இருப்பதைத்தான் எண்ணுவார்கள். ஒன்றரை லட்சத்தோடு தப்பித்தோமே என்று இருங்கள் தம்பி.

கிடங்கு_மணி:
ஆரக்கிள் இல்லை சார், மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர், ஸ்டாண்டர்ட் எடிஷன். பழையது 2008 ஆர்2, புதுசு 2022. புதுப் பெட்டியில் சிபியு ஒன்றுக்கு 32 கோர்.

அகிலா_டிபிஏ:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம் :) 2008 ஆர்2 வரைக்கும் எஸ்கியூஎல் சர்வருக்கு சிபியு கணக்கு, உள்ளே 4 கோர் இருந்தாலும் 8 இருந்தாலும் ஒரே விலை. 2012-இல் அதைக் கோர் கணக்காக மாற்றிவிட்டார்கள். நீங்கள் நடுவில் எதுவும் வாங்காததால் அந்த மாற்றம் மொத்தமாக இப்போதுதான் உங்கள் தலையில் விழுகிறது. 64 கோர், லைசென்ஸ் 2 கோர்ப் பேக்காகத்தான் விற்பார்கள், ஆக 32 பேக். ஸ்டாண்டர்ட் 2022 பேக் ஒன்றின் பட்டியல் விலை 3,945 அமெரிக்க டாலர். பெருக்கினால் 126,240. வெண்டர் கணக்கில் தப்பில்லை.

ஆனால் வயிற்றெரிச்சல் எங்கே என்றால், 2022 ஸ்டாண்டர்ட் எடிஷன் அதிகபட்சம் 24 கோரைத்தான் பயன்படுத்தும். நேரடியாகப் போட்டால் 64-க்குக் காசு கட்டிவிட்டு மீதி 40-ஐ வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். இதைச் சொல்லாமல் கொட்டேஷன் அனுப்பிய வெண்டரை என்னவென்று சொல்வது.

இரவு_ஷிஃப்ட், திரெட் கணக்கே வராது. நேரடியாக ஓடும் சர்வரில் எண்ணுவது கோரைத்தான்.

தெம்பனீஸ்காரன்:
கோரை விடுங்கள், சர்வர் + சிஏஎல் (பயன்படுத்துபவருக்கான லைசென்ஸ்) வழி ஸ்டாண்டர்டுக்கு இன்னும் இருக்கிறது. சர்வருக்கு 989 டாலர், ஆளுக்கோ கருவிக்கோ 230. கோர் எத்தனை இருந்தாலும் கவலையில்லை. எத்தனை பேர் பயன்படுத்துகிறீர்கள்?

கிடங்கு_மணி:
ஆபீசில் 40 பேர், கிடங்கில் ஸ்கேனர் 15. அப்புறம் கஸ்டமர்கள் போர்ட்டலில் சரக்கு எங்கே என்று பார்ப்பார்கள்.

தெம்பனீஸ்காரன்:
அந்த "அப்புறம்"தான் இடிக்கிறது. போர்ட்டல் வழியாக டேட்டாபேஸைத் தொடும் வெளியாட்களுக்கும் சிஏஎல் வேண்டும். வெப் சர்வர் ஒரே ஒரு லாகினில்தான் போகிறது என்றெல்லாம் சொல்ல முடியாது, கடைசியில் உட்கார்ந்திருக்கும் ஆளைத்தான் எண்ணுவார்கள். சிஏஎல் வேண்டாம், கோருக்கே போங்கள்.

இரவு_ஷிஃப்ட்:
எதுக்கு இவ்வளவு பாடு? போஸ்ட்கிரெஸ் என்ற இலவச டேட்டாபேஸுக்கு மாறுங்கள், 64 கோரும் இலவசம் லா.

தரவுத்தாத்தா:
லைசென்ஸ் இலவசம். டேட்டாபேஸுக்குள்ளேயே எழுதி வைத்த பத்து வருட ஸ்டோர்ட் புரொசீஜரை யார் திருத்தி எழுதுவது, நீங்களா? இந்தத் துறையில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் பேச வேண்டும். 2004-இல் மைக்ரோசாஃப்ட் கோரை எண்ண மாட்டோம், சிபியுவைத்தான் எண்ணுவோம் என்று அறிவித்தது, ஆரக்கிள் அப்போதே கோரை எண்ணிக்கொண்டிருந்தது. சத்தம் கிளம்பிய பிறகு ஆரக்கிள் 2005-இல் 0.75 ஃபேக்டர் கொண்டுவந்தது, அதே வருடக் கடைசியில் இன்டெல், ஏஎம்டிக்கு 0.5. அதையெல்லாம் பார்த்தவன் நான்.

இரவு_ஷிஃப்ட்:
பார்த்தீர்கள் சரி. அவருக்கு வெள்ளிக்கிழமைக்குள் என்ன வேண்டும் என்று ஒரு வரி சொன்னீர்களா தாத்தா? எங்கள் இடத்தில் மாற்றினோம், பாதிக்கு மேல் டூலே மாற்றிக் கொடுத்தது.

தரவுத்தாத்தா:
மீதிப் பாதியை மாற்ற எவ்வளவு காலம் ஆனது என்று மட்டும் சொல்ல மாட்டீர்கள்.

அகிலா_டிபிஏ:
நீங்கள் இருவரும் தேக்காவில் தேத்தாரே வாங்கிக்கொண்டு சண்டையைத் தொடருங்கள்.

மணி, பெட்டியை ஹைப்பர்விசராக்கி (விஎம்களை ஓட்டும் தளம்) எஸ்கியூஎல்லை ஒரு விஎம்மில் வையுங்கள். அந்த விஎம்முக்குக் கொடுத்த விர்ச்சுவல் கோருக்கு மட்டும் லைசென்ஸ் எடுத்தால் போதும், குறைந்தது 4. பழைய சர்வரின் சிபியு எவ்வளவு ஏறுகிறது என்று முதலில் பாருங்கள், உங்கள் அளவுக்கு 8 தாராளம் என்று நினைக்கிறேன். 8 என்றால் 4 பேக், 15,780 டாலர். ஒரு நிபந்தனை: 2022-இலிருந்து விஎம் அளவில் எடுக்க சாஃப்ட்வேர் அஷ்யூரன்ஸ் (லைசென்சோடு தனியாகக் கட்டும் பராமரிப்புத் திட்டம்) அல்லது சப்ஸ்கிரிப்ஷன் கட்டாயம், அது செலவில் சேரும். இது ஆரக்கிளுக்குப் பொருந்தாது, விஎம்வேர் ஹைப்பர்விசரில் 8 கோர் விஎம் என்று சொன்னாலும் ஹோஸ்ட் முழுவதற்கும் கேட்பார்கள்.

இன்னொரு வழி, சிபியு ஒன்றைக் கழற்றி 32 கோருக்கு எடுப்பது. 63,120. விஎம் இருக்கும்போது வீண் செலவு.

கிடங்கு_மணி:
பழையது உச்ச நேரத்தில்கூட 50% தாண்டவில்லை. 8 கோர் விஎம், சப்ஸ்கிரிப்ஷன் என்று புதுக் கொட்டேஷன் கேட்டாயிற்று, பாஸ் சரி என்றுவிட்டார். அகிலா, ரொம்ப நன்றி.

தெம்பனீஸ்காரன்:
ஒரு நிமிஷம் மணி. விண்டோஸ் சர்வரும் 2016-இலிருந்து கோர் கணக்குதான், அங்கே வழக்கமாகப் பெட்டியின் 64 கோருக்கும் எடுக்க வேண்டும். ஸ்டாண்டர்ட் எடிஷன் என்றால் அதுவும் 2 விஎம்முக்குத்தான் செல்லும். வாங்கும்போது 16 கோருக்கு மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டார்களா என்று இன்வாய்ஸைப் பார்த்துச் சொல்லுங்கள்.

தெம்பனீஸ்காரன்:
மணி?