அச்சுத் தாங்குதிறனா, அச்சுச் சுமைவரம்பா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். டிரெய்லரின் அச்சு (சக்கரங்களைத் தாங்கும் axle) அதிகபட்சம் எவ்வளவு சுமை ஏற்கலாம் என்பதைக் குறிக்க, நாம் தமிழில் தரும் பழுதுபார்ப்புக் கையேட்டுக்காகச் சென்ற மடலில் 'அச்சுத் தாங்குதிறன்' என்ற சொல் முன்வைக்கப்பட்டது; அதை ஏற்கத் தயங்குகிறேன். அதற்கு ஈடாக 'அச்சுச் சுமைவரம்பு' என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

கோத்தகிரியில் கொழுந்து ஏற்றும் டிராக்டர் டிரெய்லர் ஒன்றுக்குப் பேரிங் மாற்ற வேண்டிவந்தபோது நானும் பட்டறையில் இருந்தேன். அச்சில் பதித்திருந்த தகடு மழையில் அரித்துப்போய், எழுத்து ஒன்றும் தெரியவில்லை. எனவே மெக்கானிக் அச்சின் தடிமனை அளந்தார். ஹப்பிலுள்ள (சக்கரம் பொருத்தும் நடுப்பகுதியிலுள்ள) போல்ட்டுகளை எண்ணி, அவை அமைந்த வட்டத்தின் விட்டத்தைக் குறித்துக்கொண்டார். பேரிங்கைத் துடைத்து அதன் எண்ணைப் படித்தார். எண் 30210. கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் 50 மி.மீ. என்று கிடைக்கும். ஆனால் 32210 என்ற பேரிங்குக்கும் உள்விட்டம் அதே 50, வெளிவிட்டமும் அதே 90 மி.மீ.தான்; அகலம் மட்டும் 21.75க்குப் பதிலாக 24.75 மி.மீ. ஆகவே விட்டத்தை மட்டும் சொல்லிக் கடையில் வாங்கி வருபவர் மறுபடியும் மலையிறங்க நேரும்.

இத்தனையும் அளந்த பிறகும், வண்டியில் எவ்வளவு ஏற்றலாம் என்பதை அச்சு தனியாக முடிவு செய்வதில்லை. அச்சு, ஸ்பிரிங் பட்டை, சக்கரம், டயர் ஆகியவற்றுள் எது மிகக் குறைவாகத் தாங்குமோ அதுவே முடிவு செய்கிறது. தகட்டில் இருப்பது, இதற்கு மேல் ஏற்றாதே என்று தயாரிப்பாளர் போட்ட கோடு. அதை வரம்பு என்பதே பொருந்தும். திறன் என்றால் நம் பள்ளி இயற்பியலில் வாட்டில் அளப்பது. மேலும் 'தாங்கி' என்பதைப் பேரிங்குக்கு ஏற்கெனவே வழங்கிவிட்டோம் என்பதால், தாங்குதிறன் என்பதைத் தாங்கியின் திறன் என்று வாசகர் கொள்ளக்கூடும். 'எத்தனை டன் தாங்கும்?' என்றுதான் பட்டறையில் கேட்கிறார்கள் என்பது என் வாதத்துக்கு எதிரான சான்று. அதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் இப்போது ஏறியிருப்பது அச்சுச் சுமை, ஏறக்கூடிய உச்சம் அச்சுச் சுமைவரம்பு என்று இணையாக நிற்கும் வசதி தாங்குதிறனுக்கு இல்லை.

அச்சு என்பதற்குப் பதிலாக 'இருசு' வேண்டும் என்றவர்களோடு மனத்தளவில் உடன்படுகிறேன். குழுமம் முடிவெடுத்துவிட்டதால் அதைக் கிளறவில்லை. அச்சுக்கும் பழமை உண்டு. புறநானூற்றின் 102ஆம் பாட்டில், பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் என்ன நேருமோ என்று உப்பு வணிகர் வண்டியின் கீழ்மரத்தில் கட்டிச் சென்றது 'சேம அச்சு'. முன்கூட்டி வாங்கிவைக்கும் மாற்று அச்சுக்கு இச்சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். மற்றவற்றுக்கு உதிரிப்பாகம் போதும்.

கையேடு அமெரிக்க வழக்கைப் பின்பற்றுகிறது. அங்கே 3,500 பவுண்டு சுமைவரம்புள்ள அச்சுக்குப் பெரும்பாலும் 4.5 அங்குல வட்டத்தில் ஐந்து போல்ட்டுகளும், 7,000 பவுண்டு அச்சுக்கு 6.5 அங்குல வட்டத்தில் எட்டு போல்ட்டுகளும் இருக்கும். இந்த வட்டத்தை 'ஆணிவட்டம்' எனலாம். நம் ஊர் டிரெய்லரை இவ்வளவுகளால் அடையாளம் காணக்கூடாது என்ற அடிக்குறிப்பு கட்டாயம் தேவை.

ஹப்புக்கு மாட்டுவண்டிச் சக்கரத்தின் 'குடம்' இருக்கிறது. மறுப்பு உள்ளவர்கள் அடுத்த மடலில் எழுதுங்கள்.