புதுப்பிப்பு: பெட்டிக்குள் இருந்த பழைய படம் மங்கவில்லை, பின்பூச்சுதான் உதிர்ந்திருக்கிறது

லண்டன் பழம்பொருள் சந்தையில் வாங்கிய கையகல உருவப்படம் பற்றிப் போன மாதம் கேட்டிருந்தேன். பெண்ணின் முகத்தில் திட்டுத்திட்டாக வெளிறல். டகரோடைப்பா (வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் எடுக்கும் பழைய வகைப் படம்), வேறா என்பது என் கேள்வி. பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

முதலில் சாய்த்துப் பார்த்தேன். டகரோடைப் என்றால் வெள்ளிப் பரப்பு கண்ணாடிபோல் முகம் காட்டும், சாய்க்கும்போது படம் நெகட்டிவாக மாறித் தெரியும். இதில் இரண்டும் இல்லை. காந்தமும் ஒட்டவில்லை, இரும்புத் தகட்டில் எடுக்கும் டின்டைப்பும் அல்ல. விடையைக் கொடுத்தது, "பின்னால் கறுப்புத் தாள் வைத்துப் பாருங்கள்" என்ற யோசனை. பெட்டியைத் திறந்து, கண்ணாடியின் பின்புறம் தாளை வைத்ததும் வெளிறிய கன்னமும் கழுத்துச் சரிகையும் முழுமையாகத் திரும்பி வந்தன. மகிழ்ச்சியில் வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்!

ஆக, இது அம்ப்ரோடைப். ஆங்கிலேயரான ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையில் (கொலோடியன் என்ற பசைப் படலம் காய்வதற்குள் படமெடுக்கும் முறை) கண்ணாடியில் எடுத்த வெளிறிய நெகட்டிவ். பின்னால் கறுப்பு இருந்தால்தான் பாசிட்டிவாகத் தெரியும். அந்தக் கறுப்பு வார்னிஷ்தான் உதிர்ந்திருக்கிறது, படத்தை உருவாக்கும் வெள்ளிப் படிவம் அப்படியே இருக்கிறது.

எதிர்பாராத ஒன்று: கன்னத்தின் இளஞ்சிவப்பு, படத்தின் மேல் கையால் தூவிய வண்ணப்பொடி. ஈரத்துணியால் துடைக்கச் சொன்ன யோசனையை நான் பின்பற்றாதது நல்லதாயிற்று. நீங்களும் படப்பரப்பைத் துடைக்காதீர்கள். மிச்சமிருந்த வார்னிஷைச் சுரண்டாமல், அமிலமற்ற கறுப்புத் தாளை வைத்து மூடிவிட்டேன்.