பீர் ஆலைச் சக்கையைப் புளிக்க வைத்து மீனுக்குப் போடலாமா?

ஏரிக்கரை:
மதுராந்தகம் பக்கம் இரண்டு ஏக்கர் குளம். கட்லா, ரோகு, மிர்கால் விட்டிருக்கிறேன். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போகிறது. கடலைப் புண்ணாக்கும் தவிடும் வாங்கி மாளவில்லை. பக்கத்திலேயே பீர் ஆலை இருக்கிறது. சாறு வடித்த பார்லிச் சக்கை தினமும் வெளியே போகிறது. 100 லிட்டர் பீருக்குச் சுமார் 20 கிலோ ஈரச் சக்கை விழும். காய்ந்த எடையில் 20 முதல் 25 சதவீதம் புரதம் உண்டு. புளிக்க வைத்துக் கொடுத்தால் புண்ணாக்கைப் பாதியாகக் குறைக்கலாம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள்.

வெண்ணாற்றங்கரை:
தம்பி, "காய்ந்த எடையில்" என்று சொன்னீர்களே, சிக்கல் முழுக்க அங்கேதான். ஈரச் சக்கையில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு தண்ணீர். ஒரு டன் ஏற்றி வந்தால் காய்ந்த சரக்கு 220 கிலோ, அதில் புரதம் 50 கிலோ. ஒரு டன் கடலைப் புண்ணாக்கில் புரதம் 400 கிலோவுக்குக் குறையாது. ஆக, ஒரு டன் புண்ணாக்குக்கு ஈடாக எட்டு டன் சக்கை இறக்க வேண்டும். லாரி வாடகையைப் போட்டுப் பார்த்தீர்களா?

இன்னொன்று. ஒரு ஐப்பசியில் நானும் ஒரு லோடு வாங்கினேன். மூன்றாம் நாளே கறுத்து, பூசணம் பூத்துவிட்டது. வீணாக்க மனமில்லாமல் குளத்தில் கொட்டினேன். மேகம் மூடிய இரவு. சக்கை அடியில் அழுகி ஆக்சிஜனைத் தின்றுவிட்டது. விடியற்காலையில் கட்லா எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. ஏரேட்டர் கிடையாது, பம்புசெட்டைப் போட்டுத் தண்ணீரை வாரி இறைத்தும் பாதியைத்தான் காப்பாற்ற முடிந்தது. அந்தக் காட்சி இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

ஏரிக்கரை:
அண்ணே, படிக்கவே மனசு கனக்கிறது. ஆனால் அது புளிக்க வைக்காத சக்கை. நான் செய்வது வேறு. வந்த அன்றே தவிடு கலந்து ஈரத்தை இழுத்து, கொஞ்சம் மொலாசஸும் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) தயிரும் சேர்த்து, நீல டிரம்மில் காற்றில்லாமல் அமுக்கி மூடிவிடுவேன். மாட்டுக்கு ஊறுகாய்ப்புல் போடுகிற அதே வேலைதான். காற்றுப் படாமல் புளிப்பு ஏறிவிட்டால் பூசணம் அண்டாது. நாலு டிரம் போட்டேன், மூன்று வாரம் கழித்துத் திறந்தபோதும் பழ வாசனைதான். பூசண விஷம் என்று பயந்தால் கடலைப் புண்ணாக்கைத்தான் முதலில் பயப்பட வேண்டும். அஃப்ளாடாக்சின் என்ற பூசண விஷத்துக்குப் பேர்போன சரக்கு அதுதானே?

மீன்வள மாணவி:
"புளிக்க வைப்பது" என்ற ஒரே சொல்லில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. ஏரிக்கரை அண்ணன் டிரம்மில் செய்வது லாக்டிக் புளிப்பு, தயிர் புளிப்பது மாதிரி. அது சக்கையைக் கெடாமல் காக்கும், ஆனால் நாரை அவ்வளவாக உடைக்காது. பார்லிச் சக்கையில் பெரும்பகுதி உமியும் நாரும்தான். அதை உடைக்க ஆஸ்பெர்ஜில்லஸ், பேசில்லஸ் மாதிரி நுண்ணுயிரைக் காற்றோட்டத்தில் வளர்க்க வேண்டும். அப்படிச் செய்தால் நார் குறையும், புரதம் சின்னத் துண்டுகளாகும், ஃபைட்டேட் என்ற தானியச் சேர்மத்தில் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸும் வெளியே வரும். கட்லா, ரோகு மாதிரி கெண்டை வகைகளுக்கு இரைப்பையே கிடையாது, அமிலச் செரிமானமும் இல்லை. அதனால் வெளியிலேயே பாதி செரித்துக் கொடுப்பது அவற்றுக்குப் பெரிய உதவி. ஆனால் தப்பான பூஞ்சை ஏறினால் அது விஷம். கொல்லைப்புறத்தில் குருட்டுத்தனமாகச் செய்து பார்க்காதீர்கள்.

உண்மையான பொக்கிஷம் ஆலையில் மிஞ்சும் ஈஸ்ட். காய்ந்த எடையில் 40 முதல் 50 சதவீதம் புரதம், லைசின் என்ற அமினோ அமிலம் நிறைய. புண்ணாக்கிலும் சக்கையிலும் குறைவது அதுதான். அதன் செல் சுவரில் இருக்கும் பீட்டா குளுக்கான் மீனின் நோய் எதிர்ப்பைத் தூண்டும். 2001-ல் வெளியான போர்ச்சுகல் ஆய்வில், ஐரோப்பியக் கடல் கொடுவாக் குஞ்சுகளுக்கு மீன்தூள் புரதத்தில் பாதியை பீர் ஈஸ்டால் மாற்றியும் வளர்ச்சி குறையவில்லை.

வெண்ணாற்றங்கரை:
நன்றாகச் சொன்னீர்கள் அம்மா. ஆனால் அது மீன்தூள் தின்கிற மீன். கட்லா ரோகுக்கு நம் ஊரில் மீன்தூள் எவன் போடுகிறான்? இங்கே போட்டி புண்ணாக்கோடும் தவிட்டோடும்தான். அதுவும் ஈஸ்ட் குழம்பாக வரும், சக்கையை விடத் தண்ணீர் அதிகம்.

மீன்வள மாணவி:
அதை மறுக்கவில்லை ஐயா. உயிரோடு இருக்கும் ஈஸ்டைச் சூடாக்கிக் கொல்லவும் வேண்டும், பீரில் போடும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் ஒட்டியிருக்கும். நூற்றுக்கு ஐந்து பங்கு என்று மருந்து போலச் சேர்ப்பதற்கே அதை நான் பரிந்துரைப்பேன்.

சந்தை மேடு:
குறுக்கே வருகிறேன். நான் மீன் விற்கிறவன். "சாராயக் கழிவு தின்ற மீன்" என்று பெயர் கிளம்பினால் ஒரு கிலோ நகராது.

மீன்வள மாணவி:
சக்கையில் சாராயமே கிடையாது. பார்லியை வெந்நீரில் ஊறவைத்து இனிப்புச் சாற்றை வடித்த உடனே சக்கை வெளியேறிவிடும். ஈஸ்ட் போட்டு நுரைக்க வைப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். வாடிக்கையாளரிடம் இதை அப்படியே சொல்லலாம்.

கறவைக்காரி:
எல்லாரும் "கழிவு" என்கிறீர்கள். எங்கள் ஊரில் ஆறேழு கறவை வைத்திருக்கும் பெண்கள் இந்தச் சக்கையை நம்பித்தான் பால் ஊற்றுகிறோம். நாரைச் செரிக்க மாட்டுக்கு நாலு அறை வயிறு இருக்கிறது. இரைப்பையே இல்லாத மீனுக்காக எங்கள் தொட்டியிலிருந்து அள்ளிப் போனால் விலை ஏறும், அடி எங்களுக்கு. இதையும் கணக்கில் எழுதுங்கள்.

ஏரிக்கரை:
அக்கா, இது எனக்கு உறைத்தது. மாட்டுக்காரர்கள் எடுத்தது போக, மழைக்காலத்தில் தேங்குவதை மட்டும் எடுக்கப் பார்க்கிறேன். என் கட்சியை விடவில்லை, ஆனால் "பாதி" என்று சொன்னதைக் கால் பங்காகக் குறைத்துக்கொள்கிறேன். குளத்தில் கொட்ட மாட்டேன். ஆந்திராவில் செய்வது போல ஓட்டைச் சாக்கில் போட்டு மூங்கிலில் கட்டித் தொங்கவிடுவேன், மீன் தின்னாதது சாக்கிலேயே நிற்கும். குளத்துக்குள் நாலு ஹாப்பா (வலைத் தொட்டி) கட்டி, இரண்டில் இது, இரண்டில் பழைய கலவை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை எடை போட்டு இங்கேயே எழுதுகிறேன்.

வெண்ணாற்றங்கரை:
எடையோடு வாடகையையும் டிரம் விலையையும் எழுதுங்கள். எழுதினால் அப்போது பேசுவோம். இப்போதைக்கு என் குளத்துக்குப் புண்ணாக்குதான்.