புதுப்பிப்பு: தலைப்பு வெட்டுப்பட்ட பழைய நாடக அச்சுப்படம், அடையாளம் தெரிந்துவிட்டது

பழைய கடையில் வாங்கிய கறுப்பு வெள்ளை அச்சுப்படம் எந்த ஓவியத்தின் நகல் என்று கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

விடை: டேனியல் மக்லீஸ் வரைந்த ஓவியம். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் நாடகத்தில், அரசவை முன் ஒரு நாடகம் நடக்கும் காட்சி. 1842ல் லண்டன் ராயல் அகாடமியில் வைக்கப்பட்டது. மூல ஓவியம் இப்போது பிரிட்டனின் டேட் கலை அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கிறது. 1847ல் ராபர்ட் வெர்னன் என்ற ஓவியச் சேகரிப்பாளர் கொடுத்தது. அகலம் சுமார் 9 அடி!

"ஆட்களை விடுங்க, மேடைக்குப் பின்னால விழுற நிழலைப் பாருங்க" என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் கைகொடுத்தது. மேடையில், தூங்கும் அரசனாக நடிப்பவரின் காதில் ஒருவன் விஷம் ஊற்றுகிறான். அந்தச் செயலே பெரிய கரிய நிழலாகப் பின்சுவரில் விழுகிறது. ஹாம்லெட், மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சி.

எதிர்பாராத விஷயம் ஒன்று. நடிகர்கள் நடுவில், பின்னால் சிறிதாகத்தான் இருக்கிறார்கள். உண்மையான நாடகம் பார்வையாளர்களிடம்தான். தரையில் படுத்தபடி இளவரசன் ஹாம்லெட், தன் அப்பாவைக் கொன்று அரசனான சித்தப்பா கிளாடியஸையே வெறிக்கிறான். கிளாடியஸ் மேடையைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அந்த முகத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள், அபாரம்.

இதே படம் கையில் இருப்பவர்கள் சுவர்த்திரைகளையும் சரிபாருங்கள்: அண்ணன் தம்பியைக் கொன்ற காயீன், ஆபேல் பைபிள் கதை அதில் இருக்கும்.