முழங்கால் 20 டிகிரி நீளலை: ஹீமோபிலியா பையனுக்கு எடை கட்டலாமா?

குடியாத்தம் பிசியோ:
14 வயசு, 40 கிலோ, கடுமையான ஹீமோபிலியா ஏ (ரத்தம் உறைய வைக்கிற ஃபேக்டர் 8 குறைபாடு), இன்ஹிபிட்டர் (ஃபேக்டர் ஊசியை முறியடிக்கிற எதிர்ப்பொருள்) இல்லை. வலது முட்டியில் அடிக்கடி ரத்தக்கசிவு. கடைசியா வீங்கி மூணு வாரம் ஆச்சு, இப்போ சூடும் வலியும் இல்லை. ஆனா கால் முழுசா நீளலை, கோணம் அளக்கிற கோனியோமீட்டர்ல 20 டிகிரி குறையுது. கணுக்காலில் மணல் மூட்டை கட்டித் தொங்கவிடலாமா? வீட்டில் எண்ணெய் போட்டு நீவலாமான்னும் கேட்கிறாங்க.

காட்பாடி மூட்டு:
ரெண்டும் வேண்டாம். கணுக்காலில் எடை தொங்கினா முட்டி திறக்காது, கீழ்க்கால் எலும்பு பின்னால சரியும். நீவினா, ஏற்கெனவே தடிச்ச மூட்டுச் சவ்வு மறுபடி கசியும்.

தொடைத் தசையில ஆரம்பிங்க. மல்லாக்கப் படுக்க வச்சு, முட்டிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி அளவுக்குத் துண்டைச் சுருட்டி வைங்க. அதை முட்டியால அழுத்தி 5 விநாடி பிடிக்கணும். 10 தடவை, நாளைக்கு 3 வேளை. முட்டிச்சில்லு மேல நகர்றது கண்ணுக்குத் தெரியணும். தெரியலைன்னா பையன் இடுப்பால அழுத்தறான். முடிஞ்சதும் துண்டை எடுத்துடுங்க. முட்டிக்கடியில தலையணை வச்சுத் தூங்கறானான்னும் கேளுங்க, சுகமா இருக்கும், மடக்கம் அப்படியே இறுகிடும். இதுக்கும் நகரலைன்னா சில நாளுக்கு ஒருமுறை மாத்துற மாவுக்கட்டு. தானா நீள்ற அளவுக்குத்தான் போடணும், இழுத்துப் பிடிச்சு இல்லை.

ரத்தப்பிரிவு நர்ஸ்:
ஃபேக்டர் ஊசி போட்ட ஒரு மணி நேரத்துக்குள்ள பயிற்சி வைங்க. உடல் எடையில ஒரு கிலோவுக்கு 1 யூனிட் ஃபேக்டர் 8 போட்டா ரத்தத்தில் அதோட அளவு சுமார் 2 சதவீதம் ஏறும். இவனுக்கு 400 யூனிட்னா ஏறக்குறைய 20 சதவீதம். 8 முதல் 12 மணி நேரத்தில் அதில் பாதிதான் மிஞ்சும். காலையில ஊசி, சாயங்காலம் பஸ் பிடிச்சு வந்து பயிற்சின்னா வீண். டோஸ் மட்டும் அவனோட ஹெமட்டாலஜி டாக்டர் சொல்றதுதான். வலிக்குன்னு புரூஃபன் கொடுத்துடாதீங்க, பாரசிட்டமால் போதும்.

குடியாத்தம் பிசியோ:
சரிங்க. மறுபடி கசிஞ்சா பையன் வாயைத் திறக்க மாட்டான். எப்படிக் கண்டுபிடிக்கறது?

காட்பாடி மூட்டு:
தினம் காலையில முட்டிச்சில்லு நடுவில் டேப் சுத்தி அளந்து எழுதுங்க. சுற்றளவு கூடினாலோ, நேத்து நீண்ட கோணம் இன்னைக்குக் குறைஞ்சாலோ, தொட்டா சூடா இருந்தாலோ பயிற்சியை நிறுத்துங்க. ஃபேக்டர், துணி சுத்தின ஐஸ் 15 நிமிஷம், ஓய்வு. தொடை இடுக்கு வலிச்சு இடுப்பு நீளலைன்னா அது முட்டிக்கோளாறே இல்லை, இடுப்பு உள்தசையில ரத்தக்கசிவு. அன்னைக்கே ஆஸ்பத்திரி.

இன்னொண்ணு, கோணத்தை மட்டும் நம்பாதீங்க. நம்ம வேலூர் சிஎம்சியில் உருவான ஃபிஷ் அட்டவணையையும் (அன்றாட வேலைகளைத் தானே செய்ய முடியுதான்னு மார்க் போடுறது) போடுங்க: 8 வேலை, ஒவ்வொண்ணுக்கும் 1 முதல் 4, மொத்தம் 32. குந்தறது அதில் தனியா இருக்கு. நம்ம ஊர் கக்கூஸுக்கு அதுதானே முக்கியம். 'முடியும்'னு வாயால சொன்னதை எழுதாதீங்க, எதிர்ல குந்தி எழுந்திருக்கச் சொல்லிப் பார்த்து மார்க் போடுங்க.